வெயில்ல எடுத்த சிலம்பம் வீடியோவுக்கு ஷட்டரை எடிட்டிங்ல செட் பண்ணது

எங்க ஏரியா சிலம்பம் கிளாஸுக்கு மூணு நிமிஷ வீடியோ ஒண்ணு கட் பண்ணித் தர்றேன்னு ஒத்துக்கிட்டேன். கிளிப் எல்லாம் பசங்க அவங்கவங்க போன்ல எடுத்தது, பூரா பகல் வெயில், பூரா ஆட்டோ மோட். டைம்லைன்ல போட்டு ஓட்டிப் பாத்தா கம்பு சுத்துற மாதிரியே தெரியல, ஒரு இடத்துல இருக்கு, டக்குனு வேற இடத்துல இருக்கு, நடுவுல எங்க போச்சுன்னே தெரியல. ஆளு நல்லா தெரியுறாரு, காலடி நல்லா தெரியுது, கம்பு மட்டும் விட்டு விட்டு தாவுது. எந்த ஃபிரேம்ல நிறுத்தினாலும் அவ்ளோ ஷார்ப்பு, கம்பு பிடியில சுத்தியிருக்கற டேப்போட மடிப்பு கூடத் தெரியுது. அதான் பிரச்சனையே.

போன் மேல குத்தம் சொல்ல முடியாது. வெயில்ல அதுக்கு வெளிச்சத்தைக் குறைக்க வேற வழி இல்ல. அப்பர்ச்சர், அதாவது லென்ஸ்ல வெளிச்சம் நுழையற துவாரம், நெறைய போன்ல எஃப் 1.8 மாதிரி ஒரே இடத்துல ஃபிக்ஸ் ஆகியிருக்கும், ஐஎஸ்ஓவ, அதாவது சென்சார் வெளிச்சத்தை எவ்ளோ தூக்கிக் காட்டுதுங்கற அளவை, ஒரு அளவுக்குக் கீழ இறக்க முடியாது, அப்போ ஷட்டர் ஸ்பீடைத்தான் ஏத்தும், அதாவது ஒரு ஃபிரேமுக்கு வெளிச்சம் உள்ள போற நேரத்தைக் குறைக்கும். ஃபிலிம் காலத்து கணக்கு ஒண்ணு இருக்குல்ல, நல்ல வெயில்ல ஐஎஸ்ஓ 100, எஃப் 16, ஷட்டர் 1/100ன்னு, அதையே எஃப் 1.8க்கு மாத்திப் பாருங்க, ஆறு ஸ்டாப்புக்கு மேல ஏறும் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு), ஐஎஸ்ஓவ 50க்கு இறக்கினா கூட 1/4000 கிட்ட வந்து நிக்கும்.

இப்போ கம்பு பக்கம் வருவோம். பசங்கள்ல ஒருத்தன் ஸ்லோமோஷன்ல 240 எஃப்பிஎஸ்ல, அதாவது செகண்டுக்கு 240 ஃபிரேம்னு, எடுத்திருந்தான், அதுல ஒரு முழுச் சுத்துக்கு எத்தனை ஃபிரேம் ஆகுதுன்னு எண்ணிப் பாத்தேன், நல்ல வேகமான இடத்துல 60 வந்துச்சு. அப்போ செகண்டுக்கு 4 சுத்து, அதாவது 1440 டிகிரி. 30 எஃப்பிஎஸ்ல எடுத்தா ஃபிரேமுக்கு ஃபிரேம் கம்பு 48 டிகிரி திரும்பிடும், ஆனா 1/4000ல ஷட்டர் தொறந்திருந்த நேரத்துல திரும்பினது அரை டிகிரி கூட இல்ல. மிச்ச 47 டிகிரி கேமராவுல பதியவே இல்ல. கண்ணு அந்த ஓட்டையத்தான் தாவுறதா பாக்குது.

ஷட்டர் ஆங்கிள்னு சொல்றது இதைத்தான். பழைய ஃபிலிம் கேமராவுல ஷட்டர்ங்கறது சுத்துற தட்டு, பாதி வெட்டியிருக்கும், அதான் 180 டிகிரி. ஒரு ஃபிரேமுக்கான நேரத்துல பாதி நேரம் வெளிச்சம் உள்ள போகும். 25 எஃப்பிஎஸ்ல 360ன்னா 1/25, 180ன்னா 1/50, 90ன்னா 1/100, 45ன்னா 1/200. சினிமா பாத்துப் பழகின நம்ம கண்ணுக்கு 180 தான் இயல்பா தோணும். 90, 45ன்னு இறக்கினா வெடுக் வெடுக்குனு இருக்கும், சண்டை சீன்ல வேணும்னே அப்படி வைப்பாங்க. நம்ம கிளிப்பு கணக்குப் போட்டா 3 டிகிரிக்கும் கீழ, அது எந்த ஸ்டைல்லயும் சேராது.

முதல்ல எல்லாரும் பண்றத நானும் பண்ணேன், எடிட்டிங்ல மோஷன் ப்ளர், அதாவது நகர்ற பொருளை நகர்ற வழியில தேய்ச்சு மங்கலாக்கற எஃபெக்ட், போட்டுப் பாத்தேன். என்கிட்ட இருக்கறது டாவின்சி ரிசால்வ்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேரோட ஃப்ரீ வெர்ஷன், அதுல கலர் பேஜ்ல இருக்கற மோஷன் ப்ளர் காசு குடுத்து வாங்கற ஸ்டூடியோ வெர்ஷனுக்கு மட்டும். ஃப்ரெண்டு ஒருத்தரோட மெஷின்ல ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இருந்துச்சு, அங்க பிக்சல் மோஷன் ப்ளர் போட்டா ஆளோட வேட்டி, கை, தலைமுடி எல்லாம் அழகா ப்ளர் ஆகுது, கம்பு மட்டும் அப்படியே ஷார்ப்பா நிக்குது, சில ஃபிரேம்ல கம்பு பக்கத்துல இருக்கற செவுரு இழுபட்டு நெளியுது. ஷட்டர் ஆங்கிளை ஏத்த ஏத்த செவுரு தான் இன்னும் நெளிஞ்சது.

ஏன்னு யோசிச்சா சிம்பிள். இந்த மாதிரி எஃபெக்ட் எல்லாம் இந்த ஃபிரேமையும் பக்கத்து ஃபிரேமையும் வச்சு எந்தப் புள்ளி எங்க நகர்ந்துச்சுன்னு கண்டுபிடிச்சு அந்த வழியில தேய்க்குது. கொஞ்சம் நகர்ந்தா கண்டுபிடிச்சிடும். அஞ்சரை அடிக் கம்பை நடுவுல பிடிச்சு சுத்தினா ஒரு பக்கம் கிட்டத்தட்ட 84 சென்டிமீட்டர், 48 டிகிரி திரும்பினா நுனி 70 சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும், கம்போட தடிமனோ ஒரு அங்குலம் சொச்சம். அவ்ளோ மெல்லிசான பொருள் அவ்ளோ தூரம் தாவினா இதுவும் அதுவும் ஒரே கம்புன்னு சாஃப்ட்வேருக்கு எப்படித் தெரியும்? இன்னொரு சிக்கலும் இருக்கு. நடுவுல பிடிச்ச கம்புக்கு ரெண்டு முனையும் ஒண்ணு போலத்தான் இருக்கும், அதனால ஒரு ஃபிரேமுக்கு 90 டிகிரியைத் தாண்டிட்டா எந்தப் பக்கம் சுத்துதுன்னே சொல்ல முடியாது, பாக்கற நமக்கே ரிவர்ஸ்ல சுத்துற மாதிரி தெரியும். 25 எஃப்பிஎஸ்ல செகண்டுக்கு ஆறே கால் சுத்து வந்தா அந்த எல்லை. இதுக்குன்னே காசு குடுத்து வாங்கற ப்ளக்இன் இருக்கு, நல்லாவும் வேலை செய்யும், ஆனா அதுக்கும் இதே எல்லை தான், பதியாத வழிய அதுவும் யூகம் தான் பண்ணும்.

அதனால 30 எஃப்பிஎஸ் கிளிப்பை எல்லாம் ஓரமா வச்சுட்டு அந்த 240 கிளிப்புக்கு வந்தேன். ஸ்லோமோஷன்ங்கறத மறந்துடுங்க. நார்மல் ஸ்பீடுல ஓட்டற வீடியோவுக்கு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எட்டு பத்து நிஜ ஃபிரேம் கையில இருக்குன்னு அர்த்தம். அதுல நாலஞ்சை ஒண்ணா சேத்து சராசரி எடுத்தா ஷட்டர் அவ்ளோ நேரம் தொறந்திருந்த மாதிரி ஆகும். எத்தனை சேக்கறோமோ அதான் ஷட்டர் ஆங்கிள்.

இதை எஃப்எஃப்எம்பெக்ல, அதாவது கமாண்ட் அடிச்சு ஓட்டற ஒரு ஃப்ரீ வீடியோ டூல்ல, பண்ணலாம், டிமிக்ஸ்னு ஒரு ஃபில்டர் இருக்கு, ஃபிரேம்ஸ்ங்கற இடத்துல 4 குடுத்தா நாலு நாலா கலக்கிக் குடுக்கும், அப்புறம் எட்டுக்கு ஒண்ணு எடுத்தா 30 எஃப்பிஎஸ்ல 180 டிகிரி. ரெண்டு நிமிஷத்துல ரெண்டர் ஆச்சு. ஆள் பிரமாதம். கம்பு சீப்பு மாதிரி வந்துச்சு, நாலு மெல்லிசான கம்பு வரிசையா, நடுவுல இடைவெளி. 240லயும் ஷட்டர் 1/4000 தானே, ஒவ்வொரு ஃபிரேமும் ஷார்ப்பு, ஒரு ஃபிரேமுக்கு 6 டிகிரி, நுனியில 9 சென்டிமீட்டர் கிட்ட. கம்பு தடிமன் அதுல மூணுல ஒரு பங்கு. இடைவெளி விழாம இருக்குமா?

ஆனா 6 டிகிரிங்கறது ஆப்டிகல் ஃப்ளோவுக்கு, அதாவது எந்தப் புள்ளி எங்க நகர்ந்துச்சுன்னு தேடற அந்த முறைக்கு, ஈஸியான தூரம். அங்க தான் வேலை முடிஞ்சது. 240 ஃபிரேமுக்கு நடுவுல இன்னும் ஃபிரேம் உண்டாக்கி செகண்டுக்கு 1000 ஃபிரேம் ஆக்கிட்டா ஒரு ஃபிரேமுக்கு ஒன்றரை டிகிரிக்கும் கீழ, நுனியில ரெண்டு சென்டிமீட்டர் சொச்சம், கம்பு தடிமனை விடக் கம்மி, இடைவெளி மூடிக்கும். 1000ன்னு வச்சதுக்கு காரணம் உண்டு. என் டைம்லைன் 25 எஃப்பிஎஸ், 1000ஐ 25ஆல வகுத்தா சரியா 40, ஒவ்வொரு ஃபைனல் ஃபிரேமுக்கும் 40 குட்டி ஃபிரேம். அதுல 20ஐக் கலக்கினா 180 டிகிரி, 10ன்னா 90, 30ன்னா 270. 960ன்னு வச்சிருந்தா 38.4ன்னு இழுத்துட்டு நிக்கும்.

ஃபிரேம் உண்டாக்கறதுக்கும் எஃப்எஃப்எம்பெக்லயே மின்டர்போலேட்னு ஃபில்டர் இருக்கு, போட்டுப் பாத்தேன், ரொம்ப ரொம்ப ஸ்லோ, அதோட அது கட்டம் கட்டமா பிரிச்சு நகர்வைத் தேடறதால கம்பு ஓரத்துல பொடிப் பொடியா பிசிறு. ரிசால்வ் ஃப்ரீ வெர்ஷன்ல இருக்கற ஆப்டிகல் ஃப்ளோ இதைவிட நல்லாவே இருந்துச்சு. நான் பண்ண வரிசை இது தான்: முதல்ல போன் கிளிப்பை எஃப்எஃப்எம்பெக்ல போட்டு நிலையான 240 ஆக்கிக்கிட்டேன், ஏன்னா போன்ல ஃபிரேம் ரேட் ஏறி இறங்கிட்டே இருக்கும், அப்படியே ரிசால்வ்ல போட்டா பின்னாடி தலைவலி. அப்புறம் ரிசால்வ்ல கிளிப் ஆட்ரிபியூட்ஸ் போயி ஃபிரேம் ரேட்டை 25ன்னு மாத்திட்டு டைம்லைன்ல போட்டு ஸ்பீடை 24 சதவீதம் ஆக்கினேன், 240ஐ 0.24ஆல வகுத்தா 1000 வருதா, அதுக்குத் தான் 24. ரீடைம் ப்ராசஸ்ல ஆப்டிகல் ஃப்ளோ, மோஷன் எஸ்டிமேஷன்ல என்ஹான்ஸ்டு பெட்டர். ஸ்பீட் வார்ப்னு ஒண்ணு இருக்கு, இன்னும் நல்லா இருக்கும்பாங்க, அது ஸ்டூடியோவுல மட்டும்.

இதுல ஒரு செகண்டு வீடியோ 40 செகண்டா நீளும். பத்து செகண்டு டேக் ஒண்ணு 400 செகண்டு, டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் ஹெச்க்யூங்கற, அதிகம் நசுக்காத எடிட்டிங் ஃபார்மட்ல எக்ஸ்போர்ட் பண்ணா 9 ஜிபி கிட்ட வரும். அதனால முழு கிளிப்பையும் இப்படிப் பண்ணாதீங்க, முதல்ல எடிட்டை ரஃப்பா கட் பண்ணி எந்த ரெண்டு மூணு செகண்டு வேணும்னு முடிவு பண்ணிட்டு அதை மட்டும் பண்ணுங்க. ரெண்டு பக்கமும் அரை செகண்டு எக்ஸ்ட்ரா விட்டு எடுங்க, கட்டைக் கொஞ்சம் தள்ளணும்னா திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டி வரும். எனக்கு இருக்கறது சுமாரான லேப்டாப்பு தான், ராத்திரி ரெண்டர் போட்டுட்டு தூங்கப் போயிட்டா காலையில ரெடி.

அந்த நீளமான ஃபைலை எஃப்எஃப்எம்பெக்ல குடுத்து டிமிக்ஸ்ல 20, அடுத்து ஃபிரேம்ஸ்டெப் ஃபில்டர்ல 40, அதாவது நாப்பதுக்கு ஒண்ணு, கடைசியா செட்பிடிஎஸ் வச்சு ஃபிரேமை எல்லாம் திரும்ப 25 எஃப்பிஎஸ்ல நெருக்கி அடுக்கணும், இல்லன்னா 40 செகண்டு நீளமாவே இருந்துட்டு ஃபிரேமுக்கு ஃபிரேம் உறைஞ்சு நிக்கும். சவுண்டை இதுக்குள்ள கொண்டு வராதீங்க, தனியா வச்சு கடைசியில சேத்துக்கலாம். டிமிக்ஸ் முன்னாடி போன ஃபிரேமோட சேத்துக் கலக்கறதால படம் 10 மில்லிசெகண்டு மாதிரி பின்தங்கும், கம்பு மோதுற சத்தத்தோட வச்சுப் பாத்தேன், யாருக்கும் தெரியாது.

கம்பு இப்போ வட்டமா தேய்ஞ்சு, ஓரம் மிருதுவா, நிஜமாவே சுத்துச்சு. ஓரம் இன்னும் மிருதுவா வேணும்னா டிமிக்ஸ்ல வெயிட்ஸ் இருக்கு, முதல் மூணு நாலு ஃபிரேமுக்கும் கடைசி மூணு நாலுக்கும் வெயிட்டைக் குறைச்சுடுங்க. சுத்துற தட்டு ஷட்டர் மெதுவா தொறந்து மெதுவா மூடறப்போ கிடைக்கற மாதிரி வரும். எனக்கு இது புடிச்சிருந்துச்சு, எல்லாத்துக்கும் அதையே வச்சேன்.

சுருள்வாள் கிளிப்புல தான் அடுத்த பிரச்சனை. வெயில்ல வாள் பளிச் பளிச்னு மின்னும், ஒரு ஃபிரேம்ல வெள்ளையா எரியும், அடுத்த ஃபிரேம்ல இருக்காது. கலக்கின அப்புறம் பாத்தா மின்னலே காணோம், சாம்பல் கலர்ல மங்கலா ஒரு கோடு. இதுக்குக் காரணம் காமா. வீடியோ ஃபைல்ல இருக்கற நம்பர் நிஜ வெளிச்சத்தோட அளவு கிடையாது, கண்ணுக்கு ஏத்த மாதிரி வளைச்சு வச்சது. பின்னாடி இருட்டா இருக்குன்னு வச்சுக்கங்க, 20 ஃபிரேம்ல ஒரே ஒரு ஃபிரேம்ல 255 வெள்ளை, நம்பரை அப்படியே சராசரி எடுத்தா 13 வரும், கிட்டத்தட்ட கருப்பு. நிஜ கேமராவுல வெளிச்சம் தானே சேரும், வெளிச்சத்துல இருபதுல ஒரு பங்குங்கறத திரும்ப வீடியோ நம்பரா மாத்தினா 63 கிட்ட வரும். எவ்ளோ வித்தியாசம் பாருங்க. அதனால கலக்கறதுக்கு முன்னாடி லீனியரா, அதாவது நிஜ வெளிச்ச அளவா, மாத்தி, கலக்கி, திரும்ப பழையபடி மாத்தணும். எஃப்எஃப்எம்பெக்ல ஜீஸ்கேல் ஃபில்டர் இதைப் பண்ணும், கண்டிப்பா 16 பிட்ல பண்ணுங்க, 8 பிட்ல லீனியர் போனா இருட்டுப் பகுதி எல்லாம் படி படியா உடைஞ்சுடும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல இதுக்கு ப்ராஜெக்ட் செட்டிங்ஸ்ல லீனியரைஸ் பண்ற டிக் இருக்கு, நெறைய பேர் அதைத் தொடறதே இல்ல.

மாத்தின அப்புறம் வாள் மின்னுச்சு. ஆனா சுருள்வாள் வளைஞ்சு நெளியற பொருள், ஆப்டிகல் ஃப்ளோ அங்கங்க திணறி வாளை ரெண்டா பிச்சுப் போடுது, அந்த ஃபிரேம் வர்ற இடத்துல எல்லாம் வேற ஆங்கிளுக்குக் கட் பண்ணிட்டேன். அதுக்கு வேற மருந்து என்கிட்ட இல்ல.

முதல் கட்டை ஆசான்கிட்ட காட்டினேன், எல்லா இடத்துலயும் 180 டிகிரி. அலங்கார வீச்சைப் பாத்து நல்லா இருக்குன்னாரு, பாடம் காட்டற பகுதி வந்ததும் போனைக் கையில வாங்கி திரும்ப ஓட்டிப் பாத்தாரு. "தம்பி, கம்பே தெரியலையேப்பா. பிடி எங்க மாறுதுன்னு புள்ளைங்க எதைப் பாத்துக் கத்துக்கும்?" அவர் சொன்னது நியாயம். 180ல ஒரு ஃபிரேம்ல கம்பு கிட்டத்தட்ட 29 டிகிரிக்குத் தேய்ஞ்சிருக்கும், அழகா இருக்கும், ஆனா கம்போட நிலை தெரியாது. சினிமா விதிய சிலம்பப் பாடத்துக்கு அப்படியே கொண்டு வரக் கூடாது.

இந்த முறையோட சவுகரியம் அங்க தான் தெரிஞ்சது. ஷூட்ல 1/50ன்னு வச்சு எடுத்திருந்தா அவ்ளோ தான், அதைத் திரும்ப ஷார்ப் ஆக்க முடியாது. என்கிட்ட 1000 எஃப்பிஎஸ் ஃபைல் அப்படியே இருந்துச்சு, டிமிக்ஸ் நம்பரை மாத்திட்டு திரும்ப ஓட்டினா போதும். பாடத்துக்கு 20ஐ 8 ஆக்கினேன், 72 டிகிரி, தேய்ப்பு 11 டிகிரி சொச்சம், கம்பும் தெரியுது, தாவலும் அவ்வளவா இல்ல. அலங்கார வீச்சுக்கு 20. ரெட்டைக் கம்பு சுத்தற ஒரு ஷாட்டுக்கு 30 வச்சேன், 270 டிகிரி, ரெண்டு வட்டம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற மாதிரி வந்துச்சு. ஒரே வீடியோவுல ஷட்டர் ஆங்கிள் மாறலாமான்னு கேட்டா, ஒரே சீனுக்குள்ள ஷாட்டுக்கு ஷாட் மாறினா தான் உறுத்தும், பகுதிக்குப் பகுதி மாறினா ஒருத்தரும் கண்டுக்க மாட்டாங்க.

ஹாலுக்குள்ள எடுத்த கிளிப்பு ரெண்டு இருந்துச்சு, அதுல ஃப்ளிக்கர். நம்ம ஊரு கரண்டு 50 ஹெர்ட்ஸ், சாதா டியூப்லைட்டு செகண்டுக்கு 100 தடவ ஏறி இறங்கும், சில எல்இடியும் அப்படித்தான். வேகமான ஷட்டர்ல ஃபிரேமுக்கு ஃபிரேம் வெளிச்சம் ஆடும், பட்டை பட்டையா ஓடும். 20 குட்டி ஃபிரேமைக் கலக்கினா அது 1/50 செகண்டு, லைட்டோட ரெண்டு முழு ஏத்த இறக்கம் அதுக்குள்ள அடங்கிடும், அதனால ஆட்டம் பெரும்பாலும் போயிடுச்சு. 25 எஃப்பிஎஸ் டைம்லைன் வச்சதோட இன்னொரு லாபம் இது, 30 வச்சு 1/60 போட்டிருந்தா இந்தக் கணக்கு ஒத்து வராது. ஆனா வெளிச்சம் ஆடிட்டே இருந்தா ஆப்டிகல் ஃப்ளோவும் அதை நகர்வுன்னு நினைச்சுக் கொழம்புது, செவுத்துல லேசா அலை அடிக்குது. பின்னணிய மாஸ்க் போட்டு ஒரே ஃபிரேமா உறைய வச்சு மறைச்சேன், கேமரா ஸ்டாண்டுல இருந்ததால தப்பிச்சேன்.

டைட்டில் வேலை இதோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்ல. எழுத்து எங்க இருந்து எங்க போகுதுன்னு கீஃபிரேம் போட்டவங்க நாம, சாஃப்ட்வேருக்கு வழி பூரா தெரியும், யூகமே தேவையில்ல. ரிசால்வ்ல ஃப்யூஷன் பேஜ்ல டிரான்ஸ்ஃபார்ம் நோடுல செட்டிங்ஸ் டேப்ல மோஷன் ப்ளர் டிக், இது ஃப்ரீலயே இருக்கு. ஷட்டர் ஆங்கிள் 180, ஆனா குவாலிட்டி 2ல இருக்கும், அதை அப்படியே விட்டா வேகமா வர்ற எழுத்து அஞ்சாறு காப்பியா தெரியும், கம்புல வந்த அதே வியாதி தான். எழுத்து ஒரு ஃபிரேமுக்கு 250 பிக்சல் ஓடுதுன்னா 180 டிகிரில 125 பிக்சல் தேய்ப்பு, அதை அஞ்சாறு சாம்பிள்ல நிரப்ப முடியாது, நான் 12 வச்சேன். ப்ரீமியர்ல இருக்கறவங்க மோஷன் செட்டிங்ல தேடாதீங்க, அங்க கிடையாது, டிரான்ஸ்ஃபார்ம்னு எஃபெக்டைப் போட்டு அதுல கீஃபிரேம் பண்ணி, காம்போசிஷன் ஷட்டர் ஆங்கிள்ங்கற டிக்கை எடுத்துட்டு 180 குடுங்க. டைட்டில் எல்லாத்துக்கும் 360 போடற பழக்கம் ஒண்ணு இருக்கு, எனக்கு அது ஒத்து வரல, எழுத்தைப் படிக்கறதுக்கு முன்னாடி கண்ணு வலிக்குது.

ஓரமா வச்ச 30 எஃப்பிஎஸ் கிளிப்புல வணக்கம் வைக்கறது, நடந்து வர்றது, ஆசான் பேசறது மட்டும் எடுத்துக்கிட்டேன், வேகமா கம்பு சுத்தற இடம் எதுவும் அதுல இருந்து எடுக்கல. குளோசப் ஒண்ணு மட்டும் மனசு கேக்காம, கம்பை ஃப்யூஷன்ல ஒரு நீளக் கட்டமா வரைஞ்சு சுத்த விட்டு ப்ளர் போட்டு, நிஜக் கம்பை அழிச்சுட்டு மேல வச்சுப் பாத்தேன். ரெண்டு செகண்டு ஷாட்டுக்கு அத்தனை ஃபிரேம்ல விரலைச் சுத்தி மாஸ்க் வெட்டணும். வேண்டாம், அந்த நேரத்துல போயி திரும்ப எடுத்துட்டு வந்துடலாம்.

அப்படித்தான் பண்ணோம், ஒரு காலையில போயி கொஞ்சம் திரும்ப எடுத்தோம். போன் லென்ஸுக்கு மாட்டற என்டி ஃபில்டர், அதாவது வெளிச்சத்தைக் குறைக்கற கருப்புக் கண்ணாடி, வாங்கறவங்களுக்கு ஒரு கணக்கு: 1/4000ல இருந்து 1/50க்கு வரணும்னா ஆறு ஸ்டாப்புக்கு மேல, என்டி 64 வேணும். கடையில அதிகமா கிடைக்கற 2ல இருந்து 32 வரைக்கும் திருகற வேரியபிள் என்டி உச்சி வெயிலுக்குப் பத்தாது, அதோட அதைக் கடைசி வரைக்கும் திருகினா படத்துல குறுக்கா இருட்டா ஒரு பெருக்கல் குறி விழும். காலையில ஏழு மணி வெயிலுக்கு 32 போதுமா இருந்துச்சு. போன்ல ப்ரோ மோட்ல ஷட்டரை 1/50ல லாக் பண்ணி எடுத்தோம், ஆள் நடக்கற ஷாட்டு, கூட்டமா கம்பு வீசற ஷாட்டு எல்லாம் நேரடியா சரியா வந்துச்சு, எடிட்டிங்ல வேலையே இல்ல. பாடம் காட்டறது மட்டும் என்டி இல்லாம 240லயே எடுத்தேன், ஆசான் பாத்துட்டு 72 டிகிரி அதிகம்னு சொன்னா 54க்கு இறக்கணும்ல.

ஃபைனலை வாட்ஸ்ஆப்ல அனுப்பினா அது நசுக்கற நசுக்குல பாதி வேலை போயிடும், டாக்குமெண்டா அனுப்புங்கன்னு பசங்ககிட்ட சொல்லியிருக்கேன். 1000 எஃப்பிஎஸ் ஃபைல் எல்லாம் இன்னும் டிரைவ்ல கிடக்கு, ஆசான் ஓகே சொல்ற வரைக்கும் அழிக்கறதா இல்ல. தீப்பந்தம் சுத்தற பகுதி இன்னும் எடுக்கல, அது ராத்திரி. அங்க ஆட்டோல விட்டா ஷட்டர் 1/30க்கு இறங்கி நெருப்பு தானாவே கோடா இழுக்கும், அதுக்கு 240 தேவையே படாதுன்னு தோணுது, ஐஎஸ்ஓவை மட்டும் லாக் பண்ணி 1/50லயும் 1/30லயும் ஒவ்வொண்ணு எடுத்து வச்சுட்டு எது நல்லா இருக்குன்னு பாக்கணும்.